வைஸில் கிரைண்டரை வைப்பதற்கு முன்னால்

போன சனிக்கிழமை ஒத்தக்கடைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி பைக்கில் சாக்கு சுற்றி ஒரு பெஞ்ச் வைஸ் (வேலை செய்யும் இரும்பைத் தாடையில் கவ்விப் பிடிக்கும் கருவி) கொண்டுவந்தார். தாத்தாவின் பட்டறையில் கிடந்ததாம். "அண்ணே, பேரே இல்லை. எந்தக் கம்பெனின்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். சாக்கைப் பிரித்தால் பளபளவென்று புது நீலப் பெயின்ட். பக்கவாட்டில் கைவைத்துத் தடவினேன். நடுவில் நாலு விரல் அகலத்துக்கு மட்டும் வழவழப்பு. சுற்றிலும் வார்ப்பின் சொரசொரப்பு. பேர் அங்கேதான் இருந்திருக்கிறது. துரு என்று நினைத்து கிரைண்டர் கல்லைப் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். இந்த வருடம் இப்படி என்னிடம் வந்தது இது நான்காவது வைஸ். வயிறு எரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் இந்த நிறக் கதையை விட்டுவிடுங்கள். "நீலமா இருக்கு, அப்போ ரெக்கார்டுதானே?" என்று கேட்காத ஆள் இல்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் சி அண்ட் ஜே ஹாம்ப்டன் கம்பெனி செய்த ரெக்கார்டு வைஸ்கள் நீலம்தான், சரி. ஆனால் நம் ஊர் வார்ப்பாலைகளிலும் நீலம் அடித்தவை உண்டு. பட்டறைக்காரர் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை கையில் கிடைத்த பெயின்ட்டை அடித்தார். விற்கிறவரும் நீலம் அடித்தால் கூட நாலு காசு கிடைக்கும் என்று அடிக்கிறார். நான் பிரித்த ஒரு வைஸில் நீலத்துக்கு அடியில் பச்சை, அதற்கு அடியில் சாம்பல், கடைசியில் சிவப்பு பிரைமர். எந்த நிறத்தை நம்புவது? நிறம் கடைசியாகப் பெயின்ட் அடித்தவரைத்தான் காட்டும். செய்தவரைக் காட்டாது.

"ஹார்வி மில்லிலிருந்து வந்தது" என்று மதுரையின் பழைய நூற்பாலையைச் சொல்லும் பேச்சும் அப்படித்தான். மதுரையில் உள்ள பழைய வைஸ் எல்லாம் அந்த மில்லிலிருந்தே வந்திருந்தால் மில்லில் மிஷினுக்கு இடமே இருந்திருக்காது. எங்கிருந்து வந்தது என்பது வேறு, யார் செய்தது என்பது வேறு.

அப்புறம் எதைப் பார்ப்பது? பேர் இல்லை என்று நாம் சொல்லும் வைஸ்கள் பலவற்றில் பேர் இருக்கிறது, நாம் பார்க்கவில்லை. அடித்தட்டைக் கழற்றித் திருப்புங்கள். நகரும் தாடையை முழுவதும் வெளியே உருவி அதன் வயிற்றுப் பக்கத்தைப் பாருங்கள். சிகாகோவின் வில்டன் வைஸ்களில் தேதியே அங்கேதான், தாடை திரும்பாமல் நேராக நகர வைக்கும் சாவிக் கட்டையின் அடியில் குத்தியிருக்கும். பின்னாளில் அது செய்த தேதியாக இல்லாமல் ஐந்து வருட உத்தரவாதம் முடியும் தேதியாக மாறியது. அது தெரியாமல் வயதைத் தப்பாகச் சொல்கிறவர்கள் உண்டு. பக்கவாட்டில் இரண்டு சின்ன ஓட்டை மட்டும் இருந்தால், பேர்த் தகடு ரிவெட் அடித்திருந்து விழுந்துபோன இடமாக இருக்கலாம். வார்ப்பில் ஒரே ஒரு எண் மட்டும் இருந்தால் அது வருடம் இல்லை. பெரும்பாலும் அளவு எண் அல்லது அச்சு எண்.

எழுத்து மங்கியிருந்தால் மண்ணெண்ணெய் தொட்டு நார் பிரஷால் துடையுங்கள். இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். புடைத்த எழுத்தென்றால் மேலே பட்டர் பேப்பர் வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். குழிந்த எழுத்தென்றால் கோலமாவைத் தூவித் துடையுங்கள், குழியில் வெள்ளை நின்றுவிடும். என் மேஜை டிராயரில் எப்போதும் ஒரு பொட்டலம் கோலமாவு இருக்கிறது.

எழுத்தே கிடைக்கவில்லையா, மரை பேசும். தாடைத் தகட்டையும் ஹேண்டிலையும் நம்ப வேண்டாம், அவை எத்தனை முறை மாறியிருக்குமோ. உடம்போடு சேர்ந்த ஓட்டைகளின் மரையைப் பாருங்கள். நாலு நூல் (ஒரு நூல் அங்குலத்தில் எட்டில் ஒன்று, அதாவது அரை அங்குல) மரையாக இருந்தால், மரையின் பற்களை எண்ணும் பிட்ச் கேஜ் போடுங்கள். அங்குலத்துக்கு 12 பல் என்றால் பிரிட்டிஷ் மரையான விட்வொர்த், 13 என்றால் அமெரிக்க மரை. மூன்று நூல் மரையில் இரண்டுமே 16தான், அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். விட்வொர்த் என்றவுடன் வெள்ளைக்காரன் செய்தது என்று துள்ளவும் வேண்டாம். சுதந்திரத்துக்குப் பிறகும் பல வருடம் நம் பட்டறைகளில் ஓடியது அந்த மரைதான். சட்டென்று திறக்கும் நெம்புகோல் இருந்தால் பார்க்கின்சன் என்பார்கள். யார்க்‌ஷயரின் ஷிப்லியில் இருந்த அந்தக் கம்பெனி அதற்குப் பேர்போனதுதான். ஆனால் ரெக்கார்டும் அதே வசதியோடு செய்தது. ஒரு அடையாளத்தை வைத்துப் பேர் வைக்கக் கூடாது.

நகலைப் பிடிக்க எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. அசல் வைஸையே அச்சாக மணலில் பதித்து வார்த்திருந்தால், ஆறும்போது இரும்பு அடிக்கு ஒரு நூல் சுருங்கிவிடும். பேர் உறுதியான அதே மாடல் ஒன்று கிடைத்தால் இரண்டையும் அளந்து பாருங்கள். தேய்மானம் இல்லாத இடமாகப் பார்த்து அளக்க வேண்டும். நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் எல்லாப் பக்கமும் சிறுத்திருந்தால் அது நகலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நகல் என்றால் மட்டம் என்று சொல்லவில்லை. ஐம்பது வருடம் உழைத்த நகல்களைப் பார்த்திருக்கிறேன். அசல் விலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

கிரைண்டர் வேண்டவே வேண்டாம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம்; உலர்வாகத் தேய்த்தால் தூசி மூக்குக்குள் போகும், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். கழற்றும் முன் ஆறு பக்கமும் போட்டோ எடுங்கள். பேர் தெரியும்வரை வெல்டிங் வேண்டாம், பெயின்ட் வேண்டாம், விற்கவும் வேண்டாம். பழைய இரும்புக் கடை அண்ணாச்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: துருவோடேயே வையுங்கள், தேடி வருகிறவர் துருவோடேயே வாங்குவார்.

அந்தத் தம்பியின் வைஸை அன்றே பிரித்தோம். அடித்தட்டின் கீழே பெயின்ட் படாத இடத்தில் ஒரு 4 மட்டும் கிடைத்தது. பேர் கிடைக்கவில்லை. தேய்த்த இடத்தில் மறுபடி மறுபடி விரலை ஓட்டிக்கொண்டே இருந்தார். தாடையை நகர்த்தும் ஸ்பிண்டிலின் மரை மட்டும் கொஞ்சமும் தேயாமல் இருந்தது. கிரீஸ் போட்டுக் கொடுத்தேன், சாக்கில் சுற்றி எடுத்துப் போனார்.