இட்லி சாப்பிட்டுவிட்டு கொலஸ்ட்ரால் பார்க்கலாமா?

திருப்பாதிரிப்புலியூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு லேபுக்குப் போனேன். நாளைக்கு வெறும் வயித்தோட வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. கொலஸ்ட்ராலுக்கு அது அவசியமா சார்?"

வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சேர்த்துப் பார்ப்பதென்றால் பட்டினி வேண்டும். கொலஸ்ட்ராலுக்கு மட்டும் என்றால், பெரும்பாலோருக்கு வேண்டியதில்லை. பிறகு ஏன் அந்தப் பழக்கம்? அதற்குப் பின்னால் ஓர் அழகான கணக்கு இருக்கிறது.

கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல் தமனிச் சுவரில் படிந்து மாரடைப்பில் கொண்டுபோய் விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ரிப்போர்ட்டில் இருக்கும் எல்டிஎல் அளவு பல லேப்களில் அளந்து வந்ததே அல்ல, கழித்து வந்தது! அந்தக் காலத்தில் அதைப் பிரித்து அளக்க அதிவேக மையவிலக்கு இயந்திரம் தேவைப்பட்டது. 1972இல் ஃப்ரீட்வால்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் குறுக்குவழி ஒன்றைச் சொன்னார்கள். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு பெரும்பாலும், கல்லீரல் அனுப்பும் விஎல்டிஎல் துகள்களில்தான் இருக்கும். அந்தத் துகள்களில் உள்ள கொலஸ்ட்ரால், டிரைகிளிசரைடில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மொத்தக் கொலஸ்ட்ராலில் இதையும், நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல்லையும் கழித்தால் மீதி எல்டிஎல்.

உங்கள் ரிப்போர்ட்டை எடுங்கள். மொத்தம் 210, எச்டிஎல் 40, டிரைகிளிசரைடு 150 என்று வைத்துக்கொள்வோம். 150ஐ 5ஆல் வகுத்தால் 30. 210இல் 40ஐயும் 30ஐயும் கழித்தால் 140. அதுதான் எல்டிஎல்.

சாப்பிட்டதும் குடலிலிருந்து கைலோமைக்ரான் என்ற துகள்கள் கிளம்பும். அவற்றில் டிரைகிளிசரைடு நிறைய, கொலஸ்ட்ரால் கொஞ்சம். ஐந்தில் ஒரு பங்கு என்ற கணக்கு அங்கே உதைக்கும். தேவைக்கு மேல் கழித்துவிடுவதால் எல்டிஎல் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். பட்டினி போடச் சொன்னதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஆனால் சாதாரணச் சாப்பாட்டுக்குப் பின் வரும் வித்தியாசம் சிறிதுதான். அதனால் இந்திய இதயநோய் மருத்துவர் சங்கத்தின் 2024 வழிகாட்டுதலும் சாப்பிட்டபின் பரிசோதிப்பதை ஏற்கிறது. டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் சூத்திரம் செல்லாது. வெறும் வயிற்றில் மறுபடி பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால், பட்டினியைவிடப் பெரிய தடை "நான் ஒல்லி, கறி தொடமாட்டேன், எனக்கெதுக்கு?" என்ற நினைப்புதான். உடம்பின் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி உடம்பே தயாரிப்பது. கல்லீரலுக்கு அதில் பெரும் பங்கு. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீடு தேடி மாத்திரை தரும் அரசு, கொலஸ்ட்ராலிலும் அதே முனைப்பைக் காட்டினால் தேவலை.

முதல் பரிசோதனையை 18 வயதிலேயே செய்துவிடச் சொல்கிறது அதே வழிகாட்டுதல். குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால், அதற்கும் முன்பே.