தைராய்டு மாத்திரை போட்டால் கொழுப்பு குறையுமா?

களியக்காவிளையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோன் 7, அதாவது தைராய்டு லேசாகச் சுணங்குகிறது. தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோன் நார்மல், எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பு 160. டாக்டர் டி4 ஹார்மோனையே மாத்திரையாக, தைராக்ஸின் 25 மைக்ரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறார். "கழுத்துக்கான மாத்திரை கொழுப்பை என்ன செய்யும்? மரச்சீனிக் கிழங்குதான் காரணம், அதை நிறுத்து என்கிறார் மயினி (அண்ணி)."

கிழங்கை நிறுத்த வேண்டாம். அதிலிருந்து உடலில் உண்டாகும் தயோசயனேட் அயோடினைத் தடுப்பது உண்மைதான். ஆனால் அயோடின் உப்பு போட்டுச் சமைத்து, கிழங்கு வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டுகிற வீட்டில் அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை.

இனி எல்.டி.எல்.லை ரத்தத்திலிருந்து அகற்றும் கல்லீரலுக்கு வருவோம். எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் எல்.டி.எல்.லைப் பிடிக்கும் புரதங்களான ஏற்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். ரத்தத்தில் வரும் எல்.டி.எல். துகள் ஒவ்வொன்றுக்குள்ளும் சுமார் 1,500 கொலஸ்ட்ரால் எஸ்டர் மூலக்கூறுகள். ஏற்பி அதைக் கவ்வியதும் அந்த இடத்தில் செல்சவ்வு குழிந்து, ஒரு சின்னப் பையாகி, துகளோடு உள்ளே போய்விடும். பைக்குள் அமிலத்தன்மை ஏறும். ஏறியதும் ஏற்பியின் பிடி விட்டுவிடும். துகள் செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் சிதைய, ஏற்பி மட்டும் அக்கரையில் ஆளை இறக்கிவிட்ட வள்ளம் போலக் காலியாக மேலே திரும்பி, அடுத்த துகளைப் பிடிக்கும். ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம்! இதைக் கண்டறிந்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த ஏற்பிகள் எத்தனை இருக்க வேண்டும் என்பதில் தைராய்டுக்கும் பங்கு உண்டு. டி4 கல்லீரலில் வீரியம் மிக்க டி3 ஹார்மோனாகி, உட்கருவுக்குள் போய், ஏற்பியைச் செய்யும் மரபணுவை முடுக்கிவிடும். கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக்கும் வேலையையும் கூட்டும். கொலஸ்ட்ரால் உற்பத்தியும் கூடத்தான் செய்யும். ஆனால் அகற்றும் வேகம் அதை மிஞ்சிவிடும். ஹார்மோன் சற்றுக் குறைந்தால் ஏற்பிகள் குறையும், எல்.டி.எல். ரத்தத்திலேயே தங்கும். தேங்காயெண்ணெயின் பூரிதக் கொழுப்பும் இதே ஏற்பிகளைத்தான் குறைக்கிறது. மயினி கிழங்கை விட்டுவிட்டு எண்ணெயைக் கவனிக்கலாம்.

ஆகவே மாத்திரையால் கொழுப்பு குறையும், ஆனால் கொஞ்சம்தான். இவ்வளவு லேசான குறைபாட்டில் எல்.டி.எல். சராசரியாக 10 மில்லிகிராம் பக்கம் இறங்கும். அதனால் மாரடைப்பு குறைகிறதா என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. 65 வயதைத் தாண்டியவர்களிடம் நடத்திய ஆய்வொன்றில் (2017) சோர்வுகூடக் குறையவில்லை. டோஸ் மிஞ்சினால் இதயத்துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். டி.எஸ்.எச். 10ஐத் தாண்டினாலோ கர்ப்பமாக இருந்தாலோ கணக்கே வேறு.

நாற்பது வயதுக்காரர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் பெரிய ஆய்வு வேண்டும். விலை மலிந்த பழைய மருந்துக்கு எந்தக் கம்பெனியும் பணம் போடாது. அரசுதான் போட வேண்டும். போட்டே ஆக வேண்டும் என்பேன்.

மாத்திரை தொடங்கினால் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள். சாயாவுக்கு முன் அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச்.சோடு எல்.டி.எல்.லையும் சேர்த்துப் பாருங்கள். டி.எஸ்.எச். சரியாகியும் எல்.டி.எல். இறங்கவில்லை என்றால் அதற்குக் காரணம் தைராய்டு அல்ல. தனியாக டாக்டரிடம் பேச வேண்டியது.