கரிகுலம்: பாடத்திட்டமா, கலைத்திட்டமா?

பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் முதலில் கேட்பது, "உங்க ஸ்கூல்ல எந்த சிலபஸ்?" என்பதைத்தான். சிபிஎஸ்இ என்றோ ஸ்டேட் போர்டு என்றோ பதில் வரும். 'நாடு முழுக்க ஒரே பாடத்திட்டம் வேண்டுமா' என்ற வாதமும் இதே பேச்சுவழக்கில்தான் நடக்கிறது. குழப்பம் தொடங்குவதும் இங்கேதான். கரிகுலம் வேறு, சிலபஸ் வேறு. நாம் இரண்டையும் பாடத்திட்டம் என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுகிறோம்.

கரிகுலம் இலத்தீன் சொல். ஓடுதல் என்னும் வினையிலிருந்து பிறந்தது. ஓட்டம், பந்தயப் பாதை, பந்தயத் தேர் எல்லாவற்றுக்கும் அது பெயராக இருந்தது. நாம் நாள்தோறும் சொல்கிற கூரியரும் கரண்டும் அதே வினையின் பிள்ளைகள். கல்விக்கு இந்தச் சொல் வந்ததை 1582-இல் நெதர்லாந்தின் லெய்டன், 1633-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆவணங்களில் பார்க்கலாம். மாணவர் உள்ளே நுழைந்ததிலிருந்து படித்து முடிக்கும்வரை கடக்கவேண்டிய முழுப் பாதை என்பது அங்கே பொருள்.

சிலபஸ் பிறந்த கதை இன்னும் சுவையானது. பழங்காலச் சுருள்நூலில் நூலின் பெயர் எழுதி ஒட்டும் சீட்டுக்குக் கிரேக்கத்தில் 'சிட்டுபா' என்று பெயர். பழைய ரோமின் பேச்சாளர் சிசரோவின் கடிதங்கள் 15-ஆம் நூற்றாண்டில் அச்சேறியபோது அந்தச் சொல் பிழையாக அச்சானது. அந்தப் பிழையிலிருந்துதான் சிலபஸ் வந்தது. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் பாடபேதத்தோடு மல்லுக்கட்டிய நம் ஊரில் இது எளிதாகப் புரியும். எப்படியோ, சிலபஸ் என்பது ஒரு பாடத்தில் இன்னின்ன இருக்கிறது என்று சொல்லும் சீட்டு, பட்டியல். பாதை அல்ல.

இப்போது தமிழுக்கு வருவோம். பாடம் வடமொழியிலிருந்து வந்தது. ஓதுதல், படித்தல் என்று பொருள். ஆகவே எந்த வகுப்பில் எதைப் படிப்பது என்ற பட்டியலுக்குப் பாடத்திட்டம் கச்சிதமான சொல். கரிகுலத்துக்குக் கலைத்திட்டம் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஆசிரியர் பயிற்சி நூல்களில் வெகுநாளாகப் புழங்குகிறது. இலங்கைக் கல்வித்துறையிலும் உண்டு. "இதென்ன, பாட்டும் ஓவியமுமா?" என்று சிலர் கேட்பார்கள். கலை என்றால் அறிவுத்துறை என்றும் பொருள். பல்கலைக்கழகம், கலைக்களஞ்சியம், கலைச்சொல் எல்லாவற்றிலும் இருப்பது அந்தக் கலைதான். ஏன் கற்பிக்கிறோம், எந்த வயதில் என்ன திறன் வரவேண்டும், எப்படிக் கற்பிப்பது, எப்படி மதிப்பிடுவது என்ற நான்கும் கலைத்திட்டத்தில் அடக்கம்.

மூன்றாவது பாடநூல், அதாவது பிள்ளையின் கையில் இருக்கும் புத்தகம். இந்த மூன்றையும் பிரித்துவிட்டால் வாதம் தெளிந்துவிடும். பொதுக் கலைத்திட்டம் கட்டாயமாக வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். ஏழைப் பிள்ளைக்கு எது கிடைத்தே தீரவேண்டும் என்பதை அந்தந்தப் பள்ளியின் விருப்பத்துக்கு விட முடியாது. ஆனால் நாடு முழுக்க ஒரே பாடநூல் வேண்டாம். பின்லாந்தில் கலைத்திட்டத்தின் அடிப்படை நாடு முழுமைக்கும் பொது. அதை உள்ளூர் நிர்வாகங்கள் தங்கள் ஊருக்கு ஏற்ப விரித்து எழுதிக்கொள்கின்றன, பாடநூலுக்கு அரசின் முன் ஒப்புதல் தேவையில்லை.

நம் மாநிலம் இதற்கு வைத்த பெயர் சமச்சீர்க் கல்வி. மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்காகப் பிரிந்திருந்த முறையை முத்துக்குமரன் குழுவின் அறிக்கைக்குப் பிறகு, 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றாக்கியது. சமச்சீர் என்றால் எல்லாம் ஒரே அச்சு என்று பலரும் நினைக்கிறார்கள். யாப்பில் சீர் என்பது ஓர் அளவு. 1330 குறளுக்கும் ஏழு சீர் பொது. எந்தக் குறளும் இன்னொன்றின் நகல் இல்லை. இந்தப் பொருளில் எடுத்துக்கொண்டால் அது மிக நல்ல பெயர்.

2011-இல் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பத்து நாளுக்குள் நடைமுறைப்படுத்தவேண்டும் என்று ஆகஸ்ட் 9-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அதுவரை பிள்ளைகள் புத்தகம் இல்லாமலே பள்ளிக்குப் போய்வந்தார்கள். அப்புறம் கிடைத்த நூல்களில் சில பக்கங்களின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. எங்கள் தெருப் பையன் ஒருவன் அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அடியில் இருந்ததை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய கலைத்திட்டத்தில் யாரும் கைவைக்கவில்லை; கைவைத்தது பாடநூலில்.

சரி, எழுதும்போது எப்படி எழுதுவது? 1988-இல் இங்கிலாந்து சட்டம் போட்டுக் கொண்டுவந்ததைத் தேசியக் கலைத்திட்டம் என்றே எழுதலாம். மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. 2005-இல் வெளியிட்டதற்குத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு. பத்தாம் வகுப்புக் கணக்கில் இந்த ஆண்டு எந்த இயல்கள் என்று கேட்டால் மட்டும் பாடத்திட்டம்.