நாலு அங்குல ரயருக்கு எவ்வளவு காற்று?

யாழ்ப்பாணத்தில் சைக்கிளுக்குக் காற்று போதுமா என்று பார்க்க யாரும் மீற்றர் தேடுவதில்லை. பெருவிரலால் ரயரை ஒருக்கால் அமத்திப் பார்ப்போம், அமராவிட்டால் சரி. லுமாலாவுக்கும் பழைய ராலிக்கும் இந்த விரல் கணக்கு எப்போதும் சரியாகத்தான் வந்திருக்கிறது. நாலு அங்குல அகல ரயர் போட்ட ஃபேட் பைக்குக்கு மட்டும் இது அடியோடு பிழைக்கும். ஏன் பிழைக்கிறது என்று பிடிபட்டால், எந்த ரயர் வாங்குவது, எதில் காசை மிச்சம் பிடிக்கலாம் என்பதெல்லாம் பாதிக்குமேல் தானாகவே விளங்கிவிடும்.

விரலுக்குத் தெரிவது உள்ளே இருக்கும் காற்றின் அமுக்கம் என்றுதான் நினைக்கிறோம். அதற்குத் தெரிவது ரயர்ச் சுவர் எவ்வளவு இழுபட்டு நிற்கிறது என்பது. அந்த இழுவை எவ்வளவு என்று பார்க்க உள்ளே இருக்கும் அமுக்கத்தை ரயர்க் குழாயின் ஆரையால் பெருக்கினால் போதும். எங்கள் ஊர் 28 × 1½ ரயரில் ஆரை முக்கால் அங்குலம், அதற்கு 40 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தல் அமுக்கம், அடித்தால் சுவரின் ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் 30 இறாத்தல் இழுவை வரும். நாலு அங்குல ரயரில் ஆரை 2 அங்குலம், 15 பிஎஸ்ஐ அடித்தாலே அதே 30 இறாத்தல். இரண்டையும் அமத்தினால் விரல் ஒரே இறுக்கம் என்றுதான் சொல்லும். அதனால்தான் ஃபேட் பைக்கை முதல்முறை கையில் எடுப்பவர் அதைக் கிண்ணென்று வரும்வரை அடித்துவிட்டு, மணலுக்குள் இறங்கி, பத்து யார் தூரம் போவதற்குள் புதைந்துபோய் "இது சும்மா படத்துக்கு விட்ட சைக்கிள்" என்று திட்டிக்கொண்டு தள்ளி வருகிறார்.

அமுக்கம் குறைவென்பதால் பம்ப் அடிக்கிற வேலையும் குறைவு என்று நினைக்கவேண்டாம். 26 × 4 ரயருக்குள் கிட்டத்தட்ட 15 லீற்றர் இடம் இருக்கிறது, 28 × 1½ இல் இரண்டரை லீற்றர்கூட இல்லை. வெறும் ரயரை 15 பிஎஸ்ஐக்குக் கொண்டுவர வெளியிலிருந்து இன்னொரு 15 லீற்றர் காற்றை உள்ளே தள்ளவேண்டும், சாதாரண ரயரை 40க்கு ஏற்ற ஆறேழு லீற்றர் போதும். பையில் வைக்கிற குட்டிப் பம்பால் இதைச் செய்யப் பார்த்தால் கை கழன்றுவிடும்.

சரி, மணலுக்கு வருவோம். 75 கிலோ ஆள், 17 கிலோ சைக்கிள், மொத்தம் 92 கிலோ என்று வைப்போம். காற்று நிரம்பிய ரயர் நிலத்தை அமத்துவது ஏறக்குறைய தன் உள்ளே இருக்கும் அமுக்கத்தால்தான், ஆகவே பாரத்தை அமுக்கத்தால் வகுத்தால் நிலத்தில் படுகிற பரப்பு வந்துவிடும். 40 பிஎஸ்ஐயில் இரண்டு ரயரும் சேர்ந்து நிலத்தைத் தொடுவது 33 சதுர சென்ரிமீற்றர்தான், இரண்டு தீப்பெட்டியளவு. 5 பிஎஸ்ஐக்கு இறக்கினால் அது 260ஐத் தாண்டும். அப்போது ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் விழுகிற பாரம் 350 கிராம், ஒற்றைக் காலில் நிற்கும் மனிதனின் பாதம் மணலை அமத்துவதைவிடக் குறைவு.

இந்தக் கணக்கில் ரயரின் அகலம் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? ஒன்றரை அங்குல ரயரையும் 5 பிஎஸ்ஐக்கு இறக்கினால் ஏட்டில் அதே பரப்புத்தான் வரவேண்டும். செய்து பார்த்தால் அவ்வளவு நசிந்து கொடுக்க அதற்குள் உயரம் இல்லை, றிம் போய் நிலத்தில் இடிக்கும், ரியூப் இரண்டு இடத்தில் வெட்டுப்படும். நாலு அங்குலம் என்பது அமுக்கத்தை இறக்க எங்களுக்குக் கிடைக்கிற இடவசதி. மணலில் மிதக்க வைப்பது இறக்கிய அமுக்கம். இதை மறந்துவிட்டு அகலத்துக்கு மட்டும் காசு கொட்டினால் வீண்.

இந்த வண்டி பிறந்ததும் இப்படி இறக்குவதற்கு இடம் தேடித்தான். அலாஸ்காவில் 1987 இல் தொடங்கிய இடிற்றாபைக் பனிப் போட்டிக்கு வந்தவர்கள் இரண்டு றிம்மைப் பக்கத்துப் பக்கமாக ஒட்டி அகலமாக்கிப் பார்த்தார்கள், நியூ மெக்சிக்கோப் பக்கம் றே மொலினா என்பவர் மணலுக்கென்றே கிட்டத்தட்ட 80 மில்லிமீற்றர் அகல றிம் செய்வித்தார். சேர்லி கொம்பனி 2005 இல் பக்ஸ்லியை விற்பனைக்கு விட்ட பிறகுதான் இது கடையில் வாங்கக்கூடிய பொருளானது.

மணற்காட்டுப் பக்கம் ஓட்டினால் மணல் ஒன்றல்ல என்பது உடனே தெரியும். மேட்டில் கிடக்கும் காய்ந்த மணலில் துகளைத் துகள் பிடித்திருப்பது வெறும் உராய்வால். பாரம் கூடினால் துகள்கள் பக்கவாட்டில் வழுகி ஓடும், சில்லு இறங்கும், பிறகு ஒவ்வொரு மிதிக்கும் தான் தோண்டிய குழியிலிருந்து தானே ஏறவேண்டியிருக்கும், உங்கள் சக்தியெல்லாம் அதில்தான் போகிறது. அலை வந்து திரும்பும் கரையில் கதை வேறு. அங்கே துகள்களுக்கு இடையில் நிற்கும் கொஞ்சத் தண்ணீரின் பரப்பிழுவிசை அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும், அதன்மேல் 8, 10 பிஎஸ்ஐயோடு நன்றாக ஓடலாம், கசூரினாவிலும் சாட்டியிலும் அந்தக் கரையை விட்டு ஏறாமலே ஓடிக்கொண்டிருக்கலாம். தண்ணீர் கூடி இடைவெளி முழுக்க நிரம்பினால் அந்தப் பிடிப்பு விட்டுவிடும், அலைக்குள் இறங்கினதும் சில்லு திரும்பவும் புதைவது அதனால். எங்கள் கடலில் வற்றும் பெருக்கும் பெரிதில்லை, இறுகின கரையும் ஒடுக்கம்தான், அதனால் மேட்டு மணலுக்கும் ஒரு கை பார்க்க ஆயத்தமாகத்தான் போகவேண்டும்.

மேட்டு மணலுக்கு 4 முதல் 6 பிஎஸ்ஐ, கரைக்கு 8 முதல் 10, தார் றோட்டுக்கு 12 முதல் 15. எழுபது எண்பது கிலோ ஆளுக்கு இதிலிருந்து தொடங்கலாம், பாரம் கூடக்கூட ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். பின்சில்லுக்குத்தான் பாரம் கூட, அதற்கு ஒரு பிஎஸ்ஐ கூடுதலாக வைத்தால் நல்லது. மணலில் விட்ட காற்றோடு தார் றோட்டில் ஏறினால் ஹாண்டில் தன்பாட்டில் ஒரு பக்கம் இழுக்கும், வல்லை வெளிக் காற்றும் எதிரே சேர்ந்துகொண்டால் சொல்லி வேலையில்லை. இங்கே ஒரு பிஎஸ்ஐ என்பது சின்ன விஷயம் இல்லை, ஐந்தில் ஒன்று அது. 160 வரை காட்டுகிற பம்ப் மீற்றரில் ஐந்தும் ஏழும் ஒரே இடத்தில்தான் முள்ளை அசைக்கும். ஆகவே முதல் செலவு, 15 அல்லது 30 பிஎஸ்ஐயோடு நிற்கிற ஒரு சின்ன மீற்றர். ரயரைவிட எவ்வளவோ மலிவு, ரயரைவிடக் கூடுதலாக வித்தியாசம் காட்டும்.

வால்வையும் பார்த்து வாங்கவேண்டும். எங்கள் சைக்கிள்களில் வழக்கமாக வருகிற, உள்ளே றப்பர்க் குழாய் போட்ட வால்வில் அமுக்கத்தை ஒழுங்காக அளக்க முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று விடவும் முடியாது, சுரையைத் தளர்த்தினால் புஸ்ஸென்று போய்விடும். மோட்டார் சைக்கிள் வால்வு உள்ள ரியூப்தான் இதற்குச் சரி, மீற்றரும் பிடிக்கும், உள் ஊசியின் நுனியை அமத்தி வேண்டிய அளவு காற்று விடலாம், எந்த ரயர்க் கடையிலும் காற்றும் அடிக்கலாம். ஒன்று கவனம், குறைந்த காற்றில் ஓடும்போது ரயர் றிம்மின்மேல் மெல்ல மெல்ல நகர்ந்து ரியூப்பையும் இழுத்துக்கொண்டு போகும், வால்வு சரிந்து நிற்கத் தொடங்கினால் உடனே காற்றை விட்டு நேராக்குங்கள், இல்லாவிட்டால் அடியில் கிழியும், கிழிந்த அந்த இடத்தில் ஒட்டுப் போட்டால் நிற்காது.

இனி ரயர். மலிவு ரயரையும் விலை கூடினதையும் பிரிப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் நூல்தான். ஒரு அங்குலத்துக்கு எத்தனை நூல் என்பதை ரிபிஐ என்று பக்கச்சுவரில் போட்டிருப்பார்கள். 30க்குக் கிட்ட இருந்தால் தடித்த நூல், தடித்த றப்பர், கம்பி விளிம்பு, நாலு அங்குல ரயர் ஒன்று ஒன்றே முக்கால் இரண்டு கிலோ வரை போகும். 120 என்றால் மெல்லிய நூல், மடித்துச் சுருட்டலாம், ஒன்றேகால் கிலோ அளவில் இருக்கும். மெல்லியது தார் றோட்டில் இலகுவாக உருளும், ஏனென்றால் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்கிற சுவரில் வெப்பமாக வீணாகும் சக்தி குறைவு. ஆனால் மணலில் அந்த மிச்சம் மணலோடு போய்விடும். மலிவு ரயரின் தடித்த சுவர் தன்பாட்டிலேயே கொஞ்சம் பாரத்தைத் தாங்குவதால் அதே 5 பிஎஸ்ஐயில் நிலத்தில் குறைவாகத்தான் பரவும், இன்னொரு அரை, ஒரு பிஎஸ்ஐ இறக்கினால் கிட்டத்தட்டச் சமன். நெடுந்தீவின் சுண்ணாம்புக் கல்லுக்கும் காணிக்குள் விழுந்து கிடக்கும் கருக்குமட்டைக்கும் மெல்லிய பக்கச்சுவரைக் கொண்டுபோய்க் காட்ட எனக்கு மனம் வராது. எங்கள் ஊருக்கு 30 அல்லது 60 ரிபிஐ போதும் என்பதுதான் என் கட்சி.

ரயரின் பூவை, அதாவது நிலத்தில் படுகிற பக்கத்தில் பதித்திருக்கும் வடிவத்தை, பார்த்து மயங்கவேண்டாம். உயரமான கட்டைகள் பதித்த ரயர் பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், காய்ந்த மணலில் அது பிடிப்பதற்குப் பதிலாகத் தோண்டும். மணலுக்குத் தட்டையான, நெருக்கமான பூ போதும். மாரி மழைக்குப் பிறகு களப்போரச் சேற்றிலும் செம்மண் ஒழுங்கையிலும் போவதென்றால்தான் கட்டை உயரமாகவும் இடைவெளி அகலமாகவும் வேண்டும், இடைவெளி இல்லாவிட்டால் செம்மண் அப்பிக்கொண்டு சில்லே சுற்றாது. ஒரு நல்ல ரயருக்குத்தான் காசு இருக்கிறதென்றால் அதை முன்னுக்குப் போடுங்கள். பின்சில்லு புதைந்தால் இன்னும் கொஞ்சம் மிதிக்கலாம், முன்சில்லு புதைந்து திரும்பினால் ஆள்தான் மண் கவ்வவேண்டும்.

அளவைப் பார்க்கும்போது பெரிதாக எழுதியிருக்கும் 26 × 4.0 ஐ மட்டும் நம்பாமல் பக்கத்தில் சின்னதாக இருக்கும் எண்ணைத் தேடுங்கள், 98-559 அல்லது 100-559 என்று இருக்கும். முன் எண் அகலம், பின் எண் றிம்மில் உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீற்றரில். 559 க்கு 559 தான், ஒரு மில்லிமீற்றரும் விட்டுக்கொடுக்காது. மலிவு வண்டிகள் 20, 24 அங்குலத்திலும் வருகின்றன, அவற்றுக்கு 406, 507. ரியூப் கிடைக்குமா என்று விசாரிக்காமல் அவற்றை வாங்கவேண்டாம். றிம் 65 முதல் 80 மில்லிமீற்றர் இருந்தால் நாலு அங்குல ரயர் அகலமாக உட்காரும், றிம் ஒடுங்கினால் காற்றை இறக்கியதும் ரயர் பக்கவாட்டில் மடியும்.

முள்ளுக்கு வருவோம், நெருஞ்சியை மறந்து யாழ்ப்பாணத்தில் சைக்கிளைப் பற்றி எழுத முடியாது. ரியூப் இல்லாமல், துளையை அடைக்கிற திரவத்தை ரயருக்குள் ஊற்றி ஓடுவதுதான் நல்ல வழி, திரவத்தில் இருக்கும் றப்பர்ப்பால் துளையில் காற்றோடு வெளியே வரும்போது உறைந்து அடைத்துவிடும். அதற்கு றிம்மும் ரயரும் ஒத்து வரவேண்டும், எங்கள் வெயிலுக்குத் திரவமும் கெதியில் காயும். மலிவு வழி, உள் ஊசி கழற்றக்கூடிய வால்வுள்ள ரியூப்புக்குள்ளேயே அதை ஊற்றுவது. பக்கச்சுவர் வெட்டுக்கு எதுவும் உதவாது, பழைய ரயர்த் துண்டொன்றை உள்ளே வைத்து வீடு வந்து சேரவேண்டியதுதான்.

ஃபேட் பைக்கே வேண்டாம், வீட்டில் ஒரு மவுண்டன் பைக் நிற்கிறது என்றால்? பின்கவட்டில் ரயருக்கு இரு பக்கமும் ஆறு மில்லிமீற்றராவது மிஞ்சுமா என்று அளந்துவிட்டு 2.4 அங்குல ரயர் போடுங்கள். 15, 18 பிஎஸ்ஐ வரை இறக்கலாம். ஈரக் கரையில் ஓடும், மணற்காட்டு மேட்டில் ஓடாது. செலவு இரண்டு ரயர்தான், கசூரினாவுக்கு ஞாயிறு பின்னேரம் போய்வருகிறவருக்கு அதற்குமேல் தேவையில்லை. மேட்டில் ஏறத்தான் வேண்டும் என்றால் பழைய ஃபேட் பைக் ஒன்றைத் தேடுங்கள், ரயர் தேய்ந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம், ஆனால் கம்பி முனைகளிலும் அச்சிலும் உப்புத்துரு பிடித்திருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.