புளித்தண்ணீரில் செம்பு நகை: எது கரைகிறது, எது மிஞ்சுகிறது

புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் செம்பு பளபளக்கும் என்பது சேலத்தில் எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம். ஆடி பிறந்து கோட்டை மாரியம்மன் திருவிழா நெருங்கும்போது, பூஜை சாமான்களோடு செம்புக் காப்பும் நாக மோதிரமும்கூட அதே புளித்தண்ணீருக்குள் போகும். சொம்புக்கு அது சரி. தடிமனான பாத்திரம், தாங்கும். மெல்லிய மோதிரத்துக்கும் அதே வேகத்தில் செய்யலாமா என்பதற்கு, அந்தத் தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பதில் தானாகக் கிடைத்துவிடும்.

புதிதாகத் துலக்கிய செம்பு இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றுப் பட்டதுமே ஆக்சிஜன் அதனோடு சேரத் தொடங்குகிறது. முதலில் உண்டாவது குப்ரஸ் ஆக்சைடு என்ற சிவந்த, மிக மெல்லிய படலம். நாளாக ஆக அதன்மேல் கறுப்பான குப்ரிக் ஆக்சைடும், காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் செப்பு சல்பைடும் சேர்கின்றன. நகை பழுப்பாகி, பிறகு கறுக்கிறது. பார்க்க அழுக்கு மாதிரி தெரிந்தாலும் இந்தப் படலம் ஒரு காவல். இரும்புத் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, அடியிலிருக்கும் இரும்பையும் காற்றுக்குக் கொடுத்துவிடும். செம்பின் ஆக்சைடு உதிராமல் இறுக ஒட்டிக்கொள்கிறது. தடிக்கத் தடிக்க உள்ளே காற்று போவது குறைந்து, கறுப்பதும் மெதுவாகிறது.

இதையெல்லாம் விரைவுபடுத்துவது ஈரம். காற்றின் ஈரப்பதம் 60, 70 சதவீதத்தைத் தாண்டும்போது உலோகத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒன்று தங்கிவிடுகிறது. ஆக்சிஜன், கரியமில வாயு, வியர்வை உப்பு எல்லாம் அதில் கரைந்து செம்பைத் தொடுகின்றன. சேலத்துச் சித்திரை வெயிலில் அலமாரிக்குள் கிடக்கும் மோதிரம் பெரிதாக மாறாது. அதே மோதிரம் சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில், ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வரும் மழைக்காலத்தில், சீக்கிரமே நிறம் மங்கிப் பச்சைப் புள்ளி காட்டத் தொடங்கும். அந்தப் பச்சைதான் களிம்பு: செம்பின் கார்பனேட்டும் குளோரைடும் கலந்தது. உயிரோடு ஒட்டிய ஆணவ மலத்துக்கு, அதாவது ஆணவம் என்னும் அழுக்குக்கு, செம்பில் களிம்பை உவமையாகச் சொல்வது சைவ சித்தாந்தம். செம்பைப் புழங்கியவர்கள் எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் வியப்புதான்.

சரி, இப்போது புளி. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம். இரண்டும் ஆக்சைடையும் களிம்பையும் கரைத்து, வெளிவரும் செம்பு அயனிகளை (மின்னேற்றம் கொண்ட செம்பு அணுக்களை) பிடித்துக்கொண்டு தண்ணீரில் வைத்திருக்கின்றன. உப்பிலுள்ள குளோரைடும் இதற்கு உதவுவதால்தான் உப்புச் சேர்த்தால் வேலை சட்டென்று முடிகிறது. உலோகமாக இருக்கும் செம்பு இந்த அமிலங்களுக்கு லேசில் அசைந்து கொடுக்காது. துத்தநாகத்தை அமிலத்தில் போட்டால் ஹைட்ரஜன் குமிழ் குமிழாகக் கிளம்பும். செம்பில் அப்படி ஒன்றும் வராது. அதனால் அழுக்கு போய் நகை மிஞ்சுகிறது.

ஆனால் அது சில நிமிடங்களுக்குத்தான். தண்ணீரில் கரைந்த காற்று இருக்கிறது; ஏற்கெனவே கரைந்த செம்பு அயனிகளும் உப்போடு சேர்ந்துகொண்டு புதிய செம்பைத் தாக்கும். இரவு முழுக்க ஊறப் போட்டால் ஆக்சைடு போன பிறகும் உலோகம் மெதுவாகக் கரைந்துகொண்டே இருக்கும். சந்தேகமிருந்தால், துலக்கி முடித்த பழைய புளித்தண்ணீரில் துருவில்லாத ஓர் இரும்பு ஆணியைப் போட்டுச் சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஆணிமேல் செம்பு நிறம் ஏறியிருக்கும். இரும்பு கரைந்து தன் இடத்தைச் செம்புக்குக் கொடுத்திருக்கிறது. அந்தச் செம்பு முழுக்க உங்கள் நகையிலிருந்து வந்ததுதான். ஆக்சைடாகப் போனதும் ஒரு காலத்தில் நகையாக இருந்த செம்பே. ஒவ்வொரு முறை துலக்கும்போதும் ஒரு துளி போகிறது என்பதால், பழுப்பாகத் தெரிந்தவுடனே துலக்க ஓட வேண்டாம் என்பேன். பச்சை தெரிந்தால் மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

துலக்கும் நாளில், முதலில் சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கிவிடுங்கள். பிசுக்கு இருக்கும் இடத்தில் அமிலம் பிடிக்காமல் திட்டுத் திட்டாக வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் புளியைக் கரைத்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, பழைய பருத்தித் துணியால் ஒன்றிரண்டு நிமிடம் துடைத்தால் போதும். இடுக்குகளுக்கு மெல்லிய டூத் பிரஷ். செங்கல் பொடியும் உமிச் சாம்பலும் வேண்டாம். செங்கல் பொடியிலுள்ள குவார்ட்ஸ் மோஸ் கடினத்தன்மை அளவில் 7, செம்பு 3தான். தேய்த்தால் நுண்ணிய கீறல்கள் விழும். அடுத்த தடவை ஈரமும் அழுக்கும் அந்தக் கீறல்களில்தான் தங்கும்.

அதற்கப்புறம் செய்வதுதான் முக்கியம். பலரும் அங்கேதான் அவசரப்படுகிறார்கள். நல்ல தண்ணீரில் அலசி, சமையல் சோடா கலந்த தண்ணீரில் ஒரு முறை முக்கி, மறுபடியும் அலச வேண்டும். அமிலமும் குளோரைடும் இடுக்கில் மிஞ்சினால் மறுநாளே பச்சைப் புள்ளி வரும். ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துக் கொஞ்ச நேரம் வெயிலில் வையுங்கள். ஏற்காட்டில் வெயில் கிடைக்காத நாளில் ஹேர் டிரையர் உதவும். காற்றுப் புகாத ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் நிறம் நெடுநாள் நிற்கும். ரப்பர் பேண்டால் கட்டாதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் பட்ட இடம் கறுக்கும்.

மினுமினுப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுவதும் எதிர்மாறான விளைவையே தரும். குத்துவிளக்கில் திரியைச் சுற்றி எண்ணெய் பச்சையாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். பித்தளையிலிருக்கும் செம்பு, எண்ணெயின் கொழுப்பு அமிலங்களோடு சேர்ந்து அப்படி ஆகிறது. மோதிரம் போட்ட விரலில் பச்சை வளையம் விழுவதும் வியர்வை உப்பும் தோலின் எண்ணெயும் செம்போடு சேர்வதால்தான். சோப்புப் போட்டால் போய்விடும், பயப்பட ஒன்றுமில்லை. மூட்டுவலிக்காகச் செம்புக் காப்புப் போடுகிறவர்கள் உண்டு. முடக்குவாதத்துக்கு அது பயன்படுகிறதா என்று இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகக் குழு சோதித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், போலிச் சிகிச்சையைவிடக் கூடுதலான பலன் எதுவும் தெரியவில்லை. அழகுக்காகப் போட்டுக்கொள்ளுங்கள், மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய வெள்ளிக் கொலுசிலும் உறுதிக்காகக் கொஞ்சம் செம்பு கலந்திருக்கும். ஆனால் அதன் கறுப்பு பெரும்பாலும் வெள்ளி சல்பைடு. புளி அதைக் கரைக்காது. அடியில் அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் சுடுதண்ணீர் ஊற்றி, சமையல் சோடா கலந்து, கொலுசு தாளைத் தொடும்படி வையுங்கள். அழுகிய முட்டை வாடை லேசாக வரும். கந்தகம் வெள்ளியை விட்டுப் பிரிகிறது, வெள்ளியோ கொலுசிலேயே தங்குகிறது. தேய்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். மீனா (எனாமல்) வேலைப்பாடு உள்ளதையும், வேண்டுமென்றே கறுப்பேற்றிய ஆக்சிடைஸ்டு நகையையும் மட்டும் இதில் போடாதீர்கள்.

கவரிங் நகைக்குப் புளித்தண்ணீர் கூடவே கூடாது. மேலே இருக்கும் தங்கப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அவற்றின் வழியே உப்பும் அமிலமும் இறங்கினால், தங்கத்தோடு ஒட்டியிருப்பதாலேயே அடியிலிருக்கும் செம்பு இன்னும் வேகமாக அரிபடும், பூச்சு உரியும். கழற்றியதும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துவதே அதற்குப் போதும். முத்தும் பவளமும் பதித்த செம்பு மோதிரத்துக்கும் இதேதான் வழி. இரண்டுமே கால்சியம் கார்பனேட் என்பதால், புளி பட்டால் செம்புக்கு முன்னால் அவைதான் கரையும்.