கேரிகேச்சர் என்றால் எள்ளலோவியம்

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய 277 சென்டிமீட்டர் உயரப் படம் ஒன்று இருக்கிறது. பிரான்சின் பதினான்காம் லூயி அதில் நிற்கிறார். 1701-இல் இயசிந்த் ரிகோ வரைந்தது. அரசர் அப்போது 60 வயதைக் கடந்தவர். தங்க நூலில் அல்லிப்பூ நெய்த நீல மேலங்கி, அதன் உட்புறம் முழுக்க எர்மின் என்ற சிறு விலங்கின் வெண்மயிர்த் தோல், தோளைத் தாண்டிச் சரியும் பொய்முடி, இடுப்பில் வாள், காலில் சிவப்புக் குதிகால் வைத்த செருப்பு. செங்கோலைத் தலைகீழாகப் பிடித்து ஊன்றுகோல் போல ஊன்றியிருக்கிறார். அங்கியை ஒருபுறம் ஒதுக்கி, வெண்காலுறை அணிந்த காலை நாம் பார்ப்பதற்கென்றே முன்னால் நீட்டியிருக்கிறார். இளமையில் அரசவை பாலே நாடகங்களில் ஆடியவர் அவர். அந்தப் பெருமை முதுமையிலும் காலை விட்டுப் போகவில்லை.

இந்தப் படத்தை 1840-இல் ஆங்கில எழுத்தாளர் தாக்கரே மூன்று சிறு உருவங்களாகப் பிரித்து வரைந்தார். முதல் உருவத்தில் ஆளே இல்லை. அங்கி, பொய்முடி, உயரச் செருப்பு, வாள் எல்லாம் ஒரு தாங்கியில் மாட்டியது போல வெறுமையாக நிற்கின்றன. அதன் பெயர் 'அரசன்'. இரண்டாவதில் வழுக்கைத் தலையும் தொந்தியுமாக ஒரு குட்டைக் கிழவர் கோலூன்றி நிற்கிறார். அவர் பெயர் 'லூயி'. மூன்றாவதில் அந்தக் கிழவர் அந்த உடைக்குள் புகுந்துகொள்கிறார். இப்போது அவர் 'அரசன் லூயி'. நாம் கும்பிடும் தெய்வங்களை முடிதிருத்துபவரும் செருப்புத் தைப்பவரும்தான் ஆக்கித் தருகிறார்கள் என்ற பொருளில் அவர் எழுதியும் வைத்தார்.

இந்த வகைப் படத்துக்கு ஆங்கிலத்தில் கேரிகேச்சர் என்று பெயர். தமிழில் நாம் கேலிச்சித்திரம் என்கிறோம். சில வேளை கார்ட்டூன் என்கிறோம். கருத்துப்படம் என்றும் எழுதுகிறோம். மூன்றும் ஒன்றில்லை. கேரிகேச்சர் என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் அதற்கு ஈடான தமிழ்ச்சொல் பிடிபடும்.

சொல் இத்தாலியில் பிறந்தது. அங்கே 'காரிகாரே' என்றால் சுமை ஏற்றுதல், பாரம் ஏற்றுதல். அதிலிருந்து 'காரிகாதுரா'. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் கேரிகேச்சர் ஆனது. இன்னும் பின்னால் போனால் 'கார்ருஸ்' என்ற லத்தீன் சொல் வருகிறது. பொருள், வண்டி. அதையும் ரோமானியர்கள், இன்றைய பிரான்ஸ் பகுதியில் வாழ்ந்த 'கால்' (Gaul) என்ற இனத்தாரின் மொழியிலிருந்து வாங்கினார்கள். நாம் ஓட்டும் காரும் கப்பலில் ஏற்றும் கார்கோவும் இதே வேரில் கிளைத்தவை. ஆக, கேரிகேச்சர் என்றால் வண்டியில் பாரம் ஏற்றுவது போல, ஒரு முகத்தின் மேல் மிகையை ஏற்றி வரைந்த படம்.

1600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தாலிய ஓவியர் அன்னிபாலே கர்ராச்சியும் அவருடைய அண்ணன் அகோஸ்தினோவும் இப்படி வரைந்து விளையாடினார்கள். தேவாலயங்களுக்கும் மாளிகைகளுக்கும் பெரிய ஓவியம் தீட்டிய கைகள், ஓய்வு நேரத்தில் தெரிந்த முகங்களை மூக்கு நீட்டியும் தாடை இறக்கியும் கிறுக்கின. அன்னிபாலேயின் படங்களைத் தொகுத்து 1646-இல் வெளியான ஒரு பதிப்பின் முன்னுரையில் இவற்றுக்கு 'பாரம் ஏற்றிய சிறு உருவப்படங்கள்' என்று பெயர் இருக்கிறது. 1681-இல் பால்தினுச்சி தம் ஓவியக் கலைச்சொல் அகராதியில் இன்னும் தெளிவாக விளக்கினார்: ஒருவருடைய குறைகளை அளவு மீறிப் பெரிதாக்க வேண்டும், ஆனாலும் மொத்தத்தில் பார்க்கும்போது அவரேதான் என்று தோன்ற வேண்டும். இந்த இரண்டாவது பாதிதான் கலையின் உயிர். மூக்கை யார் வேண்டுமானாலும் நீட்டலாம். நீட்டிய பிறகும் ஆள் அவராகவே இருப்பதற்குத்தான் கை வேண்டும்.

சொல் பிரான்சுக்குப் போன கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1665-இல் சிற்பி பெர்னினி, லூவர் அரண்மனையைத் திருத்திக் கட்டும் திட்டத்துக்காக ரோமிலிருந்து பாரிசுக்கு அழைக்கப்பட்டார். அந்தப் பயணத்தில் அவர் இளம் லூயியின் மார்பளவுச் சிலையைப் பளிங்கில் செதுக்கினார். காற்றே இல்லாத இடத்தில் துணி பறக்கிறது. முகம் மேகத்துக்கு மேலிருந்து பார்ப்பது போல நிமிர்ந்திருக்கிறது. இன்றும் அது வெர்சாயில் இருக்கிறது. அரசப் பகட்டின் உச்சம் என்று அதைத் தயங்காமல் சொல்லலாம். அதே பயணத்தில், அதே அரசவையில், காரிகாதுரா என்ற சொல்லை எடுத்துச் சொல்லி விளக்கியவரும் அவரேதான். அவருக்குத் துணையாக நியமிக்கப்பட்ட ஷாந்தெலு தம் நாட்குறிப்பில் இதைப் பதிந்திருக்கிறார். அங்கிருந்தவர்களுக்கு அந்தச் சொல் புதிது. பிற்காலத்தில் பெர்னினி, நோயில் கிடந்து தலையணையில் சாய்ந்தபடியே கை நீட்டி ஆணையிடும் போப் பதினோராம் இன்னசென்டை ஒரு சில கோடுகளில் வரைந்தார். எலும்பும் மூக்குமாக ஒரு வெட்டுக்கிளி போல அவர் தெரிகிறார்.

அரசரை வானளவு உயர்த்தும் சிலையும் போப்பை வெட்டுக்கிளி ஆக்கும் கோடுகளும் ஒரே கையிலிருந்து வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அரசவை ஓவியரும் ஏற்றத்தான் செய்கிறார். பட்டு, பவளம், உயரம், இளமை, வீரம் எல்லாவற்றையும் ஒரு மனித உடம்பின் மேல் ஏற்றுகிறார். நம் அணியிலக்கணம் இதை உயர்வு நவிற்சி என்னும். கேரிகேச்சர் வரைபவர் அதே முறையில் எதிர்த்திசையில் ஏற்றுகிறார். கணக்கு ஒன்றுதான், குறி மட்டும் மாறுகிறது. அதனால்தான் பகட்டு மிகுந்த அரச ஓவியத்தைப் பார்க்கும்போது யாரும் எதுவும் செய்யாமலேயே நமக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. பாதி வேலையை ஓவியரே முடித்து வைத்திருக்கிறார்.

இங்கிலாந்தில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1792-இல் ஜேம்ஸ் கில்ரே, பின்னாளில் நான்காம் ஜார்ஜ் ஆன வேல்ஸ் இளவரசரை வரைந்தார். உண்டு களைத்து நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். முள்கரண்டியால் பல் குத்துகிறார். தொந்தியை ஒரே ஒரு பொத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. பின்னால் கட்டாத கடன் சீட்டுகள். அதே ஆள் முடிசூடிய 1821-ஐ ஒட்டித் தாமஸ் லாரன்ஸ் தீட்டிய படத்தில் மெலிந்த இடையும் நிமிர்ந்த நெஞ்சுமாக நிற்கிறார். அப்போது அவர் முன்னைவிடப் பருத்திருந்தார் என்பதை நாடே அறியும். எது உண்மைக்கு அருகில் என்று கேட்டால், கில்ரேயின் படம்தான் என்பேன்.

பிரான்சில் இது சிறை வரை போனது. 1830-இல் ஷார்ல் ஃபிலிப்போன் 'லா காரிகாத்யூர்' என்றே பெயரிட்டு ஓர் இதழ் தொடங்கினார். அரசர் லூயி ஃபிலிப்பை அவமதித்ததாக 1831 நவம்பரில் வழக்கு வந்தது. நீதிமன்றத்தில் அவர் நான்கு படங்கள் வரைந்து காட்டினார். முதல் படம் அரசரைப் போல இருந்தது. அடுத்தது முதலாவதைப் போல. நான்காவது வெறும் பேரிக்காய். சாயல் இருப்பதே குற்றம் என்றால் நாட்டிலுள்ள எல்லாப் பேரிக்காய்களையும் தண்டியுங்கள் என்பது அவர் வாதம். பிரெஞ்சுப் பேச்சு வழக்கில் பேரிக்காய் என்றால் மண்டு என்றும் பொருள் உண்டு. ஆறு மாதச் சிறையும் 2000 பிராங்க் அபராதமும் கிடைத்தன. ஆனால் பாரிஸ் சுவர்களெங்கும் சிறுவர்கள் கரியால் பேரிக்காய் வரையத் தொடங்கிவிட்டார்கள். அரசரை எல்லாரிடமிருந்தும் வரி விழுங்கும் பேருருவாக வரைந்த ஓவியர் தோமியே 1832-இல் சிறை சென்றார். 1835-இல் வந்த சட்டம் படங்களுக்கும் நாடகங்களுக்கும் முன்அனுமதியைக் கட்டாயமாக்கியது. அச்சிட்ட எழுத்துக்கு அந்தக் கட்டு இல்லை. எழுத்தறியாதவனுக்கும் பேரிக்காய் புரியும் என்ற அச்சம் அந்தச் சட்டத்தில் தெரிகிறது.

இனி ஈடான தமிழ்ச்சொல்லுக்கு வருவோம். கார்ட்டூனை முதலில் தள்ளிவிடலாம். அதுவும் இத்தாலியச் சொல்லே. தடித்த தாள் என்று பொருள். சுவரோவியத்துக்கு முன்வரைவு தீட்டிய தாள் அது. லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்துக்கான முன்வரைவுகள் 1843-இல் காட்சிக்கு வந்தபோது 'பஞ்ச்' இதழ் தன் நையாண்டிப் படத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டியது, பெயர் நிலைத்துவிட்டது. கார்ட்டூனுக்குக் கருத்துப்படம் மிகப் பொருத்தம். அங்கே நிகழ்ச்சியும் கருத்தும் வேண்டும். கேரிகேச்சருக்கு ஒரு முகம் போதும்.

பழைய அரச ஓவியத்தை எடுத்து, ஒரு கோட்டையும் மாற்றாமல் கீழே இன்றைய பேச்சு வழக்கில் ஒரு வரி எழுதிச் சிரிக்க வைக்கிறார்களே, அதற்குப் பகடி என்பதே சரி. படம் அப்படியே இருக்கிறது. பொருள் மட்டும் இடம் மாறுகிறது.

கேலிச்சித்திரம் நல்ல சொல்தான், எல்லாருக்கும் புரிகிறது. ஆனால் கேலி, சித்திரம் இரண்டும் வடமொழி வழி வந்தவை. அங்கே கேலி என்றால் விளையாட்டு. கில்ரேயின் கூர்மைக்கு அது போதாது. அங்கதம் என்ற சொல்லை எடுத்தால் கூர்மை உண்டு. தொல்காப்பியம் அதைச் செம்பொருள் (வெளிப்படையாகப் பழிப்பது), கரந்தது (மறைத்துப் பழிப்பது) என இரண்டாகப் பிரிக்கிறது. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து, பீலி சூடி நெய் பூசி எவ்வளவு அழகாக இருக்கின்றன என்று ஔவை பாராட்டியதும், அதியமானின் வேல்கள் பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் உலையில் கிடக்கின்றன என்று முடித்ததும் புறநானூற்றில் இருக்கிறது. பகட்டைப் பார்த்து எழுந்த நகைக்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆனால் இலக்கணத்தில் அங்கதம் செய்யுளுக்கு உரியது. கோட்டுக்கு அதை நீட்டுவது எனக்கு ஒட்டவில்லை.

நகையோவியம் என்று சொல்லிப் பார்த்தேன். மனம் அதில் வெகுநேரம் நின்றது. நகு என்ற வினைக்குச் சிரித்தல், ஒளிர்தல் இரண்டும் பொருள். சிரிப்பும் நகை, அணிகலனும் நகை. அரச ஓவியத்தில் ஏறியிருப்பது ஒரு நகை. அதை உரித்தால் வருவது மற்றொரு நகை. ஆயினும் கேட்பவர் கழுத்தணி வரைந்த படம் என்றே எண்ணுவார். விட்டுவிட வேண்டியதுதான்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலே வழி காட்டுகிறது: 'எள்ளல் இளமை பேதைமை மடன்என்று உள்ளப் பட்ட நகைநான்கு என்ப.' சிரிப்பு பிறக்கும் இடங்களில் முதலாவது எள்ளல். தான் பிறரை எள்ளி நகுவதும், பிறர் தன்னை எள்ளும்போது தானே நகுவதும் இதில் அடங்கும் என்பார் தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய பேராசிரியர். ஓவியம் சங்ககாலம் தொட்டு ஓவம் என வழங்கிய சொல். இரண்டும் சேர்ந்தால் எள்ளலோவியம். மிகை என்ற பொருள் இதில் நேரடியாக இல்லை. ஆனால் எள்ளுவதற்காக வரைந்த உருவம் என்றாலே அளவு பிறழ்ந்திருக்கும் என்பது உள்ளே இருக்கிறது. வரைபவர் எள்ளலோவியர்.

இந்தச் சொல்லை நான் விரும்ப இன்னொரு காரணம் உண்டு. 'உருவுகண்டு எள்ளாமை வேண்டும் உருள்பெருந்தேர்க்கு அச்சாணி அன்னார் உடைத்து' என்ற குறளில் எள்ளலும் இருக்கிறது, உருவும் இருக்கிறது, சுமை தாங்கி உருளும் வண்டியும் இருக்கிறது. எள்ளலுக்கு எல்லையும் இருக்கிறது: தோற்றத்தைப் பார்த்து ஒருவரை எள்ளக் கூடாது. ஸ்பெயினின் இரண்டாம் சார்லஸ் படத்தை வைத்து நிறையப் பேர் சிரிக்கிறார்கள். நீண்ட தாடை, சோர்ந்த கண். தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே மணம் முடித்த ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் விளைவு அது. அவர் பிறவியிலேயே நோயாளி. 1700-இல், 39 வயது நிறையுமுன்னே இறந்தார். அந்தத் தாடையைக் காட்டிச் சிரிப்பதற்கு உருவக்கேலி என்று பெயர். அதே படத்தில் அவரைச் சுற்றி ஏற்றி வைத்த கண்ணாடிகள், பொன் கழுகுகள், கறுப்புப் பட்டு ஆகியவற்றை ஒருவர் எள்ளி வரைந்தால், அது எள்ளலோவியம்.