புராஜெக்ட் ஃபைலை மட்டும் எடுத்துப்போனால் படம் வராது

செமஸ்டர் கடைசி வாரத்தில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) லேபில் அதிகம் கேட்கும் புகார் இது: "நேத்து நல்லா இருந்துச்சு சார், இன்னைக்குத் திறந்தா எல்லாமே சிவப்பா வருது." கிளிப்களை வரிசையாக அடுக்கிய டைம்லைன் அப்படியே இருக்கும், கட் எல்லாம் போட்ட இடத்திலேயே இருக்கும். படம் வரவேண்டிய இடத்தில் மட்டும் 'மீடியா ஆஃப்லைன்' என்று பல மொழிகளில் எழுதிய சிவப்புத் திரை. பழி கம்ப்யூட்டர் மேல் விழும். அதில் ஒரு கோளாறும் இருக்காது.

வீடியோ எடிட்டிங் மென்பொருளான ப்ரீமியர் ப்ரோவின் புராஜெக்ட் ஃபைலுக்குள் வீடியோ கிடையாது. எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில், எந்த கிளிப், எங்கிருந்து எதுவரை என்ற குறிப்புதான் இருக்கும். மணிக்கணக்கில் எடுத்த ஃபுட்டேஜுக்கும் அது சில எம்பி அளவில் நிற்பது அதனால்தான். அதை மட்டும் பென்டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனால் வெறும் குறிப்புதான் போகும். இம்போர்ட் செய்தபிறகு கிளிப்புக்குப் பெயர் மாற்றினாலோ, ஃபோல்டரை நகர்த்தினாலோ, லேபில் 'இ' என்றிருந்த ஹார்டு டிஸ்க் வீட்டில் 'எஃப்' என்று வந்தாலோ இணைப்பு அறுந்துவிடும். ஃபைல் அழியாமல் இருந்தால் பயமில்லை. 'லிங்க் மீடியா'வில் ஒரு கிளிப்பைக் காட்டினால், அதே ஃபோல்டர் அமைப்பில் இருக்கும் மற்றவற்றை மென்பொருளே பிடித்துக்கொள்ளும்.

இதைத் தவிர்க்க, எடிட் தொடங்கும் முன்பே வெளி ஹார்டு டிஸ்கில் படத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர் போடுங்கள். ஃபுட்டேஜ், ஆடியோ, கிராஃபிக்ஸ், புராஜெக்ட் ஃபைல் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்த பின்னணி இசையை டவுன்லோட்ஸில் இருந்தபடியே டைம்லைனுக்கு இழுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. பல லேப்களில் சி டிரைவைப் பூட்டி வைத்திருப்பார்கள். ரீஸ்டார்ட் ஆனால் அது பழைய நிலைக்குப் போய்விடும். டெஸ்க்டாப்பும் டவுன்லோட்ஸும் பெரும்பாலும் அந்த சி டிரைவில்தான் இருக்கின்றன. மதியம் கரண்ட் போய் வந்தால் இசையும் போயிருக்கும். மெமரி கார்டிலிருந்து எடுக்கும்போது வீடியோக்களை மட்டும் பொறுக்காமல் கார்டு முழுவதையும் காப்பி செய்யுங்கள். ஏவிசிஎச்டி போன்ற முறையில் பதிவு செய்யும் கேமராக்கள் நீளமான ஷாட்டைப் பல துண்டுகளாக வெட்டி வைக்கும். ஃபோல்டர் அமைப்பு கலைந்தால் அந்தத் துண்டுகள் ஒன்றுசேராமல் போகலாம்.

இடத்தையும் முதலிலேயே கணக்குப் போட வேண்டும். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்; 8 பிட் சேர்ந்தது ஒரு பைட்) வேகத்தில் 4கே எடுத்தால் நொடிக்கு 12.5 எம்பி, நிமிடத்துக்கு 750 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. பேக்கப் வேண்டுமென்றால் இன்னொரு டிஸ்கில் இன்னொரு 45. இதைப் பென்டிரைவில் வைத்து எடிட் செய்யவே கூடாது.

மொபைலில் எடுத்த பேட்டிகளில் தொல்லை வேறு மாதிரி. முதல் நிமிடத்தில் சரியாக இருக்கும் உதட்டசைவு, பத்தாவது நிமிடத்தில் குரலோடு ஒட்டாது. போன் செட்டிங்கில் நொடிக்கு 30 ஃப்ரேம் என்று இருந்தாலும் வெளிச்சம் குறையும்போது அது எண்ணிக்கையைக் குறைத்துவிடும். எடிட்டிங் மென்பொருளோ சீராக வருவதாக நினைத்து அடுக்கும். இலவசமாகக் கிடைக்கும் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு, வீடியோ டேபில் 30-ஐயும் 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்'டையும் தேர்ந்தெடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். இதை எடிட்டுக்கு முன்பு செய்ய வேண்டும்; பாதியில் செய்தால் போட்ட கட்கள் இடம் மாறிவிடும். எச்.265 முறையில் அதிகமாகச் சுருக்கிப் பதிவான கிளிப் பழைய கம்ப்யூட்டரில் திக்கித் திக்கி ஓடினால் ரேம் கேட்டு மனு எழுதும் முன் பிராக்ஸி போட்டுப் பாருங்கள். எடிட் சிறிய நகலில் நடக்கும், எக்ஸ்போர்ட் அசலிலிருந்தே வரும்.

தமிழ் டைட்டிலுக்கு வருவோம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வரைந்து வைத்திருப்பவை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் டைட்டில் ஆங்கிலக் குப்பையாக மாறும், மெய்யெழுத்தின் புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் அரைப்புள்ளி (;) நிற்கும். யூனிகோடில் அடிப்பதே நல்லது. ஆனால் ப்ரீமியரில் 'கொ' என்று அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறி வரலாம். பிரிஃபரன்சஸில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் எஞ்சினை 'சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்று மாற்றினால் சரியாகும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் இதே வேலையைச் செய்வது 'வேர்ல்டு-ரெடி பேரகிராஃப் கம்போசர்'.

முடித்த படத்தைப் பென்டிரைவில் கொடுக்கும்போது, 5 ஜிபி ஃபைலை 32 ஜிபி டிரைவ் 'ஃபைல் பெரிதாக இருக்கிறது' என்று மறுப்பதுண்டு. டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, எவ்வளவு காலி இடம் இருந்தாலும். எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்தால் ஏறும். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது அத்தனையும் அழியும் என்பதால், அந்த டிரைவில் வேறு யாருடைய புராஜெக்ட் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.